தெரியும்

புயலுக்கு வைத்த பேர் தானே.
எப்படி ஆயிற்று என்று கேட்பவர்களிடம்
தானே என்கிறேன்.
தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஒன்பதாம் நாளும் புதுப்பாளையத்தில் கரண்ட் இல்லை.
ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரை
வெளியே விட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று
நடையில் வைத்துக் கதவைச் சாத்தியவன் நான்.
அந்தச் சத்தத்தில் தூக்கம் வராதென்று
மார்கழிப் பனியில் மொட்டைமாடிக்குப் போனவனும் நான்.
கொசுவுக்குப் பயந்து
அவள் கீழே, ஃபேனுக்கடியில்.

ஜிப்மரில், கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள்.
நிறம் தெரிகிறது, சொரசொரப்பு தெரிகிறது.
பின்மண்டையில் உருவம் கூடுகிற இடத்தைத்தான்
புகை தின்றிருக்கிறது.

மேசைமேல் கத்தரிக்காய்.
"ஊதா. ஒரு பக்கம் பச்சை. மழமழன்னு இருக்கு."
அப்புறம்?
"அப்புறம் என்ன, அவ்வளவுதான்."
கையில் கொடுத்ததும்
"அடச்சீ, கத்தரிக்கா" என்று சிரித்தாள்.
காம்பைத் திருகிப் பார்த்து
"முத்தல்" என்றாள்.

டாக்டர் ஒரு குடை வரையச் சொன்னார்.
வரைந்தாள், கைப்பிடி வளைவு முதற்கொண்டு.
டீ வந்து, குடித்து, கிளாஸ் போனபின்
அதே தாளைக் காட்டி இது என்னவென்றார்.
"கருப்பு நூல் மாதிரி என்னமோ.
நீங்க வரைஞ்சதா சார்?"

இருபத்திரண்டு வருஷம்
மஞ்சக்குப்பம் தலைமை அஞ்சலகத்தில் சார்ட்டிங்.
அஞ்சலாட்சி என்பது அவள் பேர்.
இங்கே நடப்பது அஞ்சல் ஆட்சி என்று
வருகிற போஸ்ட்மாஸ்டர் ஒவ்வொருவரும்
தானே முதலில் கண்டுபிடித்ததுபோல் சொல்வார்.
நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டை:
பேசிக்கொண்டே வீசுவாள்,
ஒரு கடிதம் கீழே விழுந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு வட்டப் பலகை.
நடுவில் ஒரு பிளவு.
திருப்பித் திருப்பி வைத்து, நிற்கிறதா படுத்திருக்கிறதா என்றார்.
நின்றதைப் படுத்தது என்றாள்.
சாய்ந்ததை நின்றது என்றாள்.
பிறகு பார்த்து என்ன பிரயோஜனம் என்று
மடியில் கை கட்டிக்கொண்டாள்.

ஒரு அட்டையைக் கொடுத்து
"உள்ளே போடுங்கம்மா" என்றார்.

மணிக்கட்டு
போகிற வழியிலேயே திரும்பியது.
ஓரம் உரசவில்லை.
பலகையைத் திருப்பினார். விழுந்தது.
இன்னும் சாய்த்தார். விழுந்தது.
பதினோரு தடவை.
டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.
"எப்படித் தெரிஞ்சுது?"
"எது?" என்றாள் அஞ்சலாட்சி.

ஊர் திரும்பியதும் சில்வர் பீச்சுக்குப் போகச் சொன்னாள்.
ஆட்டோ நின்றவுடனே "கடல்" என்றாள்.
நான் சொல்லித்தரவில்லை.
நீலம், அதற்குக் கீழே நெளிகிற வெள்ளை, அதற்குக் கீழே மண்.
கோடு வேண்டாத ஒரே பொருள் அதுதான்போல.
மேலே போன படகைக் காட்டவில்லை நான்.

செங்கல் நிறத்தில் ஆறு சட்டை தைத்துக்கொண்டேன்.
இருமிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.
முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள்,
முன்பைவிட அதிகமாகவே.
குரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகம்.

நேற்று சலவைக்காரர் வரவில்லை. வெள்ளைச் சட்டை.
ஏனோ இருமவும் இல்லை.
வாசற்படியில் நின்று
சும்மா கையை நீட்டினேன்.

அவள் கை எழுந்து வந்தது.
வரும்போதே விரல்கள்
என் உள்ளங்கையின் அகலத்துக்கு விரிந்திருந்தன,
ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.
தொடுவதற்கு முன் நின்றது.

"யாரு?"

"நான்தான்" என்றேன்.
குரல் சரியாக வராததால்
மறுபடியும், "நான்தான்."

"தெரியும்" என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை.
குக்கர் மூன்றாவது விசில் விட்டது.
கேஸ் குமிழை அணைக்க
தடவாமல், நேராகப் போனது
அந்தக் கை.